கணினி மெதுவாக ஓடுகிறதா? கடைக்கு ஓடாதீர்கள்!



தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை ஒருத்திக்கும் ‘கேட்’ எனப்படும் கணினிவழி வடிவமைப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தொடர்பு இருக்கிறது. ஆண்டுதோறும் பாலிடெக்னிக், தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகப் பிள்ளைகளின் இரண்டாம் மூன்றாம் தவணைகளில் என் கைப்பேசி ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. அழைப்பவர்கள் என்னிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர். கேள்வியும் ஏறத்தாழ ஒன்றுதான். “பையன் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். ஆயிரக்கணக்கான பாகங்கள் உள்ள இயந்திரத்தைக் கணினியில் வரைய வேண்டுமாம். இருக்கிற மடிக்கணினி நகரவே மாட்டேன் என்கிறதாம். கடையில் எட்டாயிரம் வெள்ளிக்கு ஒன்று காட்டுகிறார்கள். வாங்கிவிடலாமா டீச்சர்?”

என் விடை: இப்போது வேண்டாம்.

இந்த விடையைச் சொன்னதற்காக என்னைக் கஞ்சத்தனத்தின் தூதுவர் என்று ஒருவர் கேலி செய்தார். “பிள்ளைகளின் படிப்பில் கணக்குப் பார்க்கலாமா?” என்றார் இன்னொருவர். பார்க்க வேண்டும் ஐயா! தவணைக் கடன் எடுப்பவரும், வளையலை அடகுக்கடையில் வைப்பவரும் நம் பெற்றோர்கள்தாம். அந்தப் பணம் உண்மையிலேயே நோயைத் தீர்க்குமானால் நான் வாய் திறக்கமாட்டேன். பெரும்பாலும் தீர்ப்பதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

‘அசெம்பிளி’ என்ற சொல்லைப் பினாங்குத் தமிழருக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டில் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் அசெம்பிளி ஆலையை இங்கேதான் திறந்தது. ஹியூலட் பேக்கர்ட், ஏ.எம்.டி, பாஷ், ஹித்தாச்சி என்று மற்றவர்களும் வந்தார்கள். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்ற நம் அக்காமார்களும் அத்தைமார்களும் அந்த ஆலைகளின் வரிசையில் அமர்ந்து உலகத்தின் மின்னணுப் பொருள்களைப் பொருத்திக் கொடுத்தார்கள். இன்று நிலை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அந்த ஆலைகளுக்கு வேண்டிய சோதனைக் கருவிகளையும் தானியங்கி இயந்திரங்களையும் வடிவமைத்து விற்கும் உள்ளூர் நிறுவனங்கள் பினாங்கிலேயே பிறந்திருக்கின்றன. 1991இல் தொடங்கிய பெந்தாமாஸ்டர், 2000இல் தொடங்கிய விட்ரோக்ஸ் ஆகியவை பலரும் அறிந்தவை. அத்தகைய இயந்திரங்களை வரைவதற்குத்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுச் செய்தி. எங்கோ உள்ள அறிவியல் கூடத்துச் செய்தியன்று.

கணினியில் அசெம்பிளி என்பது ஒரு தொகுப்புக் கோப்பு. திருகாணி, தகடு, உருளை, மோட்டார் என ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிக் கோப்பு உண்டு. எந்தப் பாகம் எங்கே நிற்கிறது, எதனோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தொகுப்புக் கோப்பு நினைவில் வைத்திருக்கும். பாகங்கள் ஐம்பது இருக்கும்வரை எந்தக் கணினியும் சிரித்துக்கொண்டே வேலை செய்யும். ஆயிரம், ஐயாயிரம் என்று ஏறும்போதுதான் திரை உறைந்து நிற்கும்.

அப்போது பிள்ளை சொல்வது “கணினி சுலோ” என்ற இரண்டே சொல்தான். பெற்றோர் கடைக்காரரிடம் சொல்வதும் அதே இரண்டு சொல். கடைக்காரர் எட்டாயிரம் வெள்ளி மருந்தை எழுதிக் கொடுத்துவிடுகிறார். வயிற்றுவலி என்று போனவனிடம் எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் கத்தியை எடுக்கும் மருத்துவரை நாம் விட்டுவைப்போமா?

மெதுவாக இருப்பதிலேயே மூன்று வகை உண்டு. பாயான் லெப்பாஸில் இருபது ஆண்டுகளாக இயந்திர வடிவமைப்பாளராகப் பணியாற்றும் என் தம்பி எனக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான். “அக்கா, திறக்கும்போது சுலோவா, மாற்றும்போது சுலோவா, திருப்பிப் பார்க்கும்போது சுலோவா? அதை முதலில் கேளுங்கள்” என்றான்.

கோப்பைத் திறக்கும்போது மெதுவாக இருந்தால், கணினி நூற்றுக்கணக்கான கோப்புகளை வட்டிலிருந்து நினைவகத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வட்டு பழைய சுழலும் வட்டாக இருந்தாலோ, கோப்புகள் விரல் சேமிப்பியிலோ கல்லூரி வலையமைப்பிலோ கிடந்தாலோ காத்திருக்கத்தான் வேண்டும். நினைவகம் போதாமல் நிரம்பி வழிந்தால் நிலைமை இன்னும் மோசம். மிஞ்சியதை விண்டோஸ் மீண்டும் வட்டிலேயே கொண்டுபோய் வைக்கும். தேவைப்படும்போது தேடி எடுத்து வரும். மேசை நிறைந்துவிட்டதால் பாதிப் புத்தகத்தைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுந்து போய் வருவதைப் போன்றது அது.

ஓர் அளவை மாற்றிய பிறகு திரை உறைந்தால் அது கணக்குப் போடும் நேரம். இங்கேதான் பெரிய ஏமாற்று நடக்கிறது, பெற்றோர்களே! “எட்டு கோர், பதினாறு கோர், இருபத்து நான்கு கோர்” என்று விளம்பரத் தட்டியில் கொட்டை எழுத்துகளில் போடுகிறார்கள். கோர் என்பது செயலிக்குள் இருக்கும் ஒரு தனி உழைப்பாளி. உழைப்பாளிகள் கூடினால் வேலை விரைவாக முடியும் என்பது நியாயமான எண்ணந்தான். ஆனால் இந்த மென்பொருள்களில் ஒரு பாகம் உருவாகும் முறை படிப்படியானது. முதலில் ஒரு கட்டி. அதில் ஒரு துளை. அந்தத் துளையின் விளிம்பில் ஒரு சரிவு. துளை முடியாமல் சரிவைத் தொடங்க இயலாது. இட்லிக்கு மாவரைத்து, புளிக்கவைத்து, பிறகுதான் வேகவைக்க வேண்டும். சமையலறையில் பதினாறு பேர் நின்றாலும் மாவு தன் நேரத்தில்தான் புளிக்கும். ஆகவே இந்தக் கணக்கின் பெரும்பகுதியை ஒரே ஒரு கோர்தான் செய்கிறது. மற்றவை கைகட்டி வேடிக்கை பார்க்கின்றன.

நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம்; செலவு ஒரு காசும் இல்லை. மென்பொருள் உறைந்து நிற்கும் வேளையில் விண்டோஸின் ‘டாஸ்க் மேனேஜர்’ பலகையைத் திறந்து பாருங்கள். எட்டு கோர் கொண்ட செயலியில் ஒன்று மட்டும் மூச்சுமுட்ட உழைத்தால் அங்கே தெரியும் அளவு 12 அல்லது 13 விழுக்காடுதான். ஒவ்வொரு கோரையும் இரண்டாகக் கணக்கிடும் செயலியாக இருந்தால் ஆறு விழுக்காட்டிலேயே நின்றுவிடும். “கணினி சும்மாத்தானே இருக்கிறது, ஏன் உறைகிறது?” என்று பிள்ளை குழம்புவான். சும்மா இருப்பவை மற்ற ஏழும். அந்த ஏழையும் பதினைந்தாக்கத்தான் நீங்கள் எட்டாயிரம் கொடுக்கப் போகிறீர்கள். இங்கே உதவுவது கோர்களின் எண்ணிக்கை அன்று. ஒரு கோரின் வேகம். நியாயமாகச் சொன்னால், படத்தை உண்மை நிழற்படம்போல மெருகேற்றிக் காட்டும் ‘ரெண்டரிங்’ வேலைக்கும், சில வலிமைச் சோதனைக் கணக்குகளுக்கும் பல கோர்கள் நன்றாகவே உதவும். ஆனால் பிள்ளை நாள் முழுவதும் செய்வது அந்த வேலையன்று.

மூன்றாவது, படத்தைச் சுழற்றிப் பார்க்கும்போது வெட்டி வெட்டி நகர்வது. திரையில் தெரியும் எந்த வளைவும் கணினிக்கு வளைவன்று. நுண்ணிய முக்கோணங்களின் கூட்டம். முக்கோணங்கள் பெருகினால் கிராபிக்ஸ் அட்டை திணறும். நல்ல அட்டை இங்கே உதவும் என்பது உண்மை. ஆயினும் சிவப்பும் பச்சையுமாய் விளக்கெரியும் விளையாட்டுக் கணினியை வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். எந்தெந்த அட்டையைத் தம் மென்பொருளோடு சோதித்துச் சான்றளித்திருக்கிறோம் என்ற பட்டியலைக் கேட் நிறுவனங்களே வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலைப் பற்றிக் கடைக்காரர் ஒரு சொல்லாவது சொன்னாரா?

சரி, ஒரு நேர்வைச் சொல்கிறேன்.

என் முன்னாள் மாணவன் ஒருவன் டிப்ளோமா இறுதியாண்டுத் திட்டமாகப் பெட்டிகளை நகர்த்தும் ஒரு கன்வேயர் இயந்திரத்தை வரைந்துகொண்டிருந்தான். கணினி எட்டு ஜிகாபைட் நினைவகம் கொண்ட சாதாரண மடிக்கணினி. தொகுப்பைத் திறக்கக் கொடுத்துவிட்டுத் தேநீர் கலக்கப் போவானாம். குடித்து முடித்து வந்தாலும் திறந்திருக்காதாம். ஒரு கடையில் விலை கேட்டார்கள். ஏழாயிரத்து ஐந்நூறு என்றார்கள். அந்தக் கடையின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லாக் கடைகளும் அப்படித்தான் சொல்லியிருக்கும். தாயார் என்னை அழைத்தார். நான் தம்பியை அழைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பையன் கணினியோடு என் வீட்டுக்கு வந்தான்.

தம்பி புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் ‘பெர்ஃபார்மன்ஸ் எவால்யுவேஷன்’ என்றொரு கருவி உண்டு. எந்தப் பாகம் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, எது எத்தனை முக்கோணங்களைச் சுமக்கிறது என்று அது பட்டியலிட்டுக் காட்டும். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் குற்றவாளிகள் வரிசையாக வெளியே வந்தார்கள்.

முதல் குற்றவாளி திருகாணி. இயந்திரத்தில் இருந்த ஒவ்வொரு திருகாணிக்கும் புரியை உண்மையாகவே சுருள் சுருளாக வெட்டி வைத்திருந்தான். பார்க்க அழகுதான். ஆனால் புரியை ஒரு குறியாகக் காட்டினாலே ஆலையில் எவருக்கும் புரியும். அந்தத் திருகாணியைக் கடையில்தானே வாங்கப் போகிறார்கள்! இரண்டாவது, விற்பனையாளரின் இணையப் பக்கத்திலிருந்து பதிவிறக்கிய மோட்டார். அதன் பெட்டிக்குள் பற்சக்கரங்கள், உள்ளே தாங்கிகள், வெளியே நிறுவனப் பெயர் புடைப்பெழுத்தில்! இயந்திரத்தை வரைபவனுக்கு வேண்டியது மோட்டாரின் வெளியுருவமும், துளைகள் இருக்கும் இடமும், சுழலும் தண்டும் மட்டுமே. மூன்றாவது சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும், ஒவ்வொரு கண்ணியின் முளையும் தனித்தனிப் பாகம். அந்தச் சங்கிலியின் பாதையை ஒரு வளைந்த பட்டையாக வரைந்தாலே போதுமானது.

இவற்றைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. எல்லாப் பாகங்களையும் ஒரே தட்டில் கொட்டி, ஒன்றோடொன்று பிணைத்திருந்தான். உபதொகுப்பு என்பதே இல்லை. ஓர் அளவை மாற்றினால் அத்தனைப் பிணைப்புகளையும் மென்பொருள் ஒருசேரத் தீர்த்தாக வேண்டும். போதாக்குறைக்கு, ஒரு தகட்டின் அளவு பக்கத்து உருளையைப் பார்த்து நிர்ணயமாகிறது. அந்த உருளை இன்னொரு தாங்கியைப் பார்க்கிறது. அந்தத் தாங்கியோ மீண்டும் அதே தகட்டைப் பார்க்கிறது. வட்டமடித்துக்கொண்டே இருக்கும் இத்தகைய சார்பு எந்தச் செயலியையும் மூச்சுத் திணற வைத்துவிடும்.

சட்டகம் ஒரு தொகுப்பு, இயக்கப் பகுதி ஒரு தொகுப்பு, பாதுகாப்பு மூடி ஒரு தொகுப்பு என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனியே முடித்துவிட்டு, மேல்மட்டத்தில் சில பிணைப்புகளோடு நிறுத்த வேண்டும். வேலை செய்யாத பகுதியை முழுமையாகத் திறக்காமல் இலேசாகத் திறக்க வேண்டும். இதற்கெனச் சாலிட்வொர்க்ஸில் ‘லைட்வெயிட்’ நிலையும் ‘லார்ஜ் டிசைன் ரிவியூ’ முறையும் இருக்கின்றன. இன்வெண்டரில் ‘எக்ஸ்பிரஸ்’ முறை. கிரியோவில் ‘சிம்ப்ளிஃபைடு ரெப்ரசெண்டேஷன்’. பெயர் வேறு, கருத்து ஒன்று: பார்ப்பதற்குத் தோற்றம் போதும், திருத்துவதற்கு மட்டுமே முழு விவரம் வேண்டும். இவை எல்லாம் ஏற்கெனவே கட்டணம் செலுத்திய மென்பொருளுக்குள்ளேயே இருப்பவை. பையனுக்கு இவற்றுள் ஒன்றைக்கூட யாரும் காட்டியிருக்கவில்லை.

இத்தனையையும் தம்பி விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தத் தாயார் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆலையில் பொருத்தும் வரிசையில் பணிபுரிந்தவர் அவர். மகனைப் பார்த்துச் சிரித்தார். “எங்க லைன்ல யாரும் எல்லா ஸ்க்ரூவையும் மேசையில கொட்ட மாட்டாங்க டீச்சர். கிட் போட்டுத்தானே அனுப்புவாங்க? இவன் மொத்த ஸ்டோரையும் மேசையில கொட்டி வெச்சிருக்கான்” என்றார். கணினிப் பொறியியல் படிக்காத ஒருவர் ஒரே நொடியில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். நம் பெற்றோரின் கையில் இருக்கும் அந்தத் தொழிலறிவுக்குக் கடைகளில் மதிப்பே இல்லை. அதனால்தான் அவர்களும் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிப் பணப்பையைத் திறக்கிறார்கள்.

பையன் இரண்டு வாரம் மாலைகளில் உட்கார்ந்து தொகுப்பைப் பிரித்து அடுக்கினான். அதன் பிறகு ஒரே ஒரு பொருள் வாங்கினார்கள்: கூடுதலாக எட்டு ஜிகாபைட் நினைவகப் பலகை. அந்த மடிக்கணினியில் அதற்கு இடம் இருந்தது நல்லூழ்; சில மெல்லிய கணினிகளில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள், பிறகு கூட்டவே முடியாது. புதிதாக வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. தேநீர் கலக்கப் போகும் பழக்கம் அவனுக்கு விட்டுப்போயிற்று.

“ஒரு மாணவனின் சிறிய கன்வேயரை வைத்துக்கொண்டு பெரிய பேச்சா?” என்று கேட்கலாம். பெரியதையே பார்ப்போம்.

1994ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் முதன்முதலாகப் பறந்த போயிங் 777, முழுக்க முழுக்கக் கணினியில் வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் விமானம். ஆணிகளையும் திருகாணிகளையும் சேர்த்தால் அதில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். ஆனால் தனித்தன்மை உள்ள, தனியே வடிவமைத்த பாகங்கள் எத்தனை தெரியுமா? 1,32,500. மற்றவை திரும்பத் திரும்ப வருபவை. வரைந்தவர்கள் பயன்படுத்திய மென்பொருள் கட்டியா. ஏறக்குறைய 2,200 பணிக் கணினிகளும் எட்டு ஐ.பி.எம் பெருங்கணினிகளும் இருந்தன. பணத்துக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் விமானத்தின் பகுதிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அவர்களுக்குப் பெருங்கணினி மட்டும் போதவில்லை. ஃபிளைத்ரூ என்று தனியாக ஒரு மென்பொருளையே போயிங் உருவாக்கியது. வரையும் மென்பொருள் வேறு, பார்க்கும் மென்பொருள் வேறு. முழு விவரத்தையும் சுமக்காமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பாகங்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று பார்த்தார்கள்.

பத்தாண்டு கழித்து, 2004இல், செருமனியின் சார்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே 777இன் படத்தை எடுத்துக்கொண்டார்கள். அதில் 35 கோடி முக்கோணங்கள். நினைவகத்துக்குள் அடங்காத அந்தப் படத்தை இரண்டு செயலி கொண்ட ஒரே ஒரு கணினியில் சுழற்றிக் காட்டினார்கள். எப்படி? கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் வட்டிலிருந்து எடுப்பது. வந்து சேராத பகுதிக்கு அதுவரை ஓர் எளிய பதிலியைக் காட்டுவது. இரண்டாயிரம் கணினிகள் வரைந்ததை ஒரு கணினி காட்டியதற்குக் காரணம் பொருளின் விலையன்று, அடுக்கிய முறை.

இன்னும் பின்னால் போனால், 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்பவர் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் முதல் வரைமென்பொருளிலேயே இந்தக் கருத்து இருந்தது. ஒரு மூலப்படத்தை வரைந்துவிட்டால் அதன் படிகளை எத்தனை இடத்திலும் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் படிகள் அனைத்தும் திருந்தும். இன்று நம் கைப்பேசிக்கு இருக்கும் நினைவகத்தோடு ஒப்பிடக்கூடத் தகாத ஒரு கணினியில் அதைச் செய்தார். நம் பிள்ளைகளோ ஒரே திருகாணியை வெவ்வேறு பெயரில் இருபது கோப்புகளாகச் சேமித்து, இருபதையும் கணினியைச் சுமக்க வைக்கிறார்கள்.

ஒழுங்கு தவறினால் பெருநிறுவனங்களும் தப்புவதில்லை. ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மின்கம்பி ஓடுகிறது. செருமனியின் ஹாம்பர்க்கில் ஒரு பதிப்பும் பிரான்சின் துலூசில் இன்னொரு பதிப்புமாக ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகளில் வரைந்தார்கள். 2006இல் கம்பிகள் பொருந்தவில்லை. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கைக்கு வந்தது 2007 அக்டோபரில்தான். அவர்களிடம் கணினி விலை குறைவாக இருந்ததா என்ன?

இப்போது ஆசிரியர்களாகிய நம் பக்கம் வருகிறேன்.

முதலாம் ஆண்டில் நாம் என்ன கற்பிக்கிறோம்? பனிக்கூழ்க் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்கிறோம். முப்பத்து நான்கு குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணும் குழந்தை நடுவில் மறந்துவிடும். மூன்று கட்டும் நான்கு தனிக்குச்சியும் வைத்திருக்கும் குழந்தை ஒரே பார்வையில் சொல்லிவிடும். உபதொகுப்பு என்று தம்பி சொன்னதும் எனக்கு அந்த இரப்பர் பட்டை போட்ட கட்டுதான் நினைவுக்கு வந்தது. ஏழு வயதில் நாம் சரியாகக் கொடுத்ததைப் பதினெட்டு வயதில் பிள்ளை தொலைத்து நிற்கிறான். இடையில் என்ன நடந்தது?

இடையில் காட்சிப்பொருள் வழிபாடு நடந்தது. நான்காம் ஆண்டிலிருந்து ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடம் இருக்கிறது. அதில் முடிந்த பொருளுக்குக் கிடைக்கும் கைதட்டல், அதைச் செய்த முறைக்குக் கிடைப்பதில்லை. இயந்திர மனிதப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம். கோப்பையோடு படம் எடுக்கிறோம். போட்டிப் பெட்டியைத் திறந்தால் பாகங்கள் ஒரே குவியல். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் புதிய கணினி வாங்கத் தீர்மானம் போடும் கைகள், இருக்கும் கணினியில் கோப்புகள் எப்படிக் கிடக்கின்றன என்று ஒருநாளும் பார்ப்பதில்லை. ‘புதியது’, ‘புதியது 2’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று பெயரிட்ட கோப்புகளைத் திரையில் பார்க்கும்போது எனக்கு மேல்மூச்சு வாங்குகிறது. பயிற்சிக் கழகத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் பாடத் துணைப்பொருள் பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து காட்டச் சொல்வார். அட்டைகள் பாட வரிசையில் இல்லையென்றால் மதிப்பெண் இல்லை. அப்போது முணுமுணுத்தோம். அந்தப் பெட்டியைப் போல ஒவ்வொரு பிள்ளையின் கணினிக் கோப்புறையையும் திறந்து பார்க்க நம்மால் முடியாதா? அதற்கு அரசாங்க ஒதுக்கீடு எதுவும் தேவையில்லையே!

எதிர்வாதங்களையும் கேட்டுவிட்டேன். “ஆலைகளில் மட்டும் விலையுயர்ந்த பணிக்கணினிதானே வைத்திருக்கிறார்கள்?” என்பது முதலாவது. ஆம், வைத்திருக்கிறார்கள், அது சரியும்கூட. அங்கே பொறியாளர் ஒருவர் ஒரு மணிநேரம் திரையைப் பார்த்துக் காத்திருந்தால் நிறுவனத்துக்கு ஊதிய இழப்பு. கணினி விலை சில மாதங்களில் திரும்பிவிடும். அங்கேயும் ஒழுங்கற்ற தொகுப்பை யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. தம்பியின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் கோப்புகளை மூத்தவர்கள் பார்த்துத் திருத்திய பிறகே பொதுத் தொகுப்பில் சேர்க்கிறார்கள். நேர்காணலில் மடிக்கணினியின் விலையை யாரும் கேட்பதில்லை. தொகுப்பை எப்படிப் பிரித்தாய் என்று கேட்கிறார்கள்.

“பழைய கணினியைப் பிடித்துத் தொங்கச் சொல்கிறீர்களா?” என்பது அடுத்தது. இல்லை. நான்கு ஜிகாபைட் நினைவகமும் சுழலும் வட்டும் கொண்ட கணினியில் இந்த வேலை நடக்காது. எஸ்.எஸ்.டி. வட்டு இல்லாவிட்டால் அதை மாற்றுங்கள். நினைவகம் நிரம்பி வழிகிறது என்று டாஸ்க் மேனேஜரில் உங்கள் கண்ணால் பார்த்தால் நினைவகத்தைக் கூட்டுங்கள். ஒழுங்காக அடுக்கிய பிறகும் ஒற்றைக் கோர் திணறுகிறது என்றால், அப்போது புதிய கணினியைப் பற்றிப் பேசலாம். அதிலும் கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகத்தைப் பார்த்து வாங்கலாம். என் சண்டை வரிசையைப் பற்றியது. அளந்து பார்த்து, அடுக்கிவிட்டு, அதன்பின் வாங்குங்கள். இன்று நடப்பது தலைகீழ்.

இன்னொருவர், “தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தமிழைப் பார்த்துக்கொண்டால் போதாதா?” என்று எழுதியிருந்தார். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கிருந்து வெளியேறும் பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் ஆலைகளில் எந்த வாசல் வழியாக நுழையப் போகிறார்கள் என்பது தமிழாசிரியரின் கவலை இல்லையென்றால் வேறு யாருடைய கவலை? தாய் பொருத்தும் வரிசையில் அமர்ந்தார். மகன் அந்த வரிசையையே வரைபவனாக வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்.

கடைசியாக ஒரு செய்தி. பணமுடையில் இருக்கும் பெற்றோருக்கு. உலாவியிலேயே இயங்கும் ஆன்ஷேப் போன்ற மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. 2015 முதல் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது அது. கனமான கணக்கு நிறுவனத்தின் வழங்கியில் நடக்கும். வடிவத்தின் முக்கோணங்கள் மட்டும் நம் உலாவிக்கு வரும். மாணவர்களுக்குக் கட்டணமில்லாக் கணக்கும் தருகிறார்கள். நல்ல இணைய இணைப்பு வேண்டும். கல்லூரி எந்த மென்பொருளில் கோப்பைக் கேட்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒழுங்கற்ற தொகுப்பு அங்கேயும் மெதுவாகத்தான் நகரும்.

கடைக்குப் போகும் முன் பிள்ளையை உட்காரவைத்து, திறக்கும்போதா, மாற்றும்போதா, சுழற்றும்போதா என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் கணினியோடு என் வீட்டுக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தம்பி பெரும்பாலும் இருப்பான்.